அவள் இடது கையின் இரைச்சல்

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்த பிறகு, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடது முழங்கை மடிப்பில் ஆபரேஷன் செய்தார்கள். தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்துவிடுவது. ஃபிஸ்டுலா என்பார்கள். அந்த இடத்தில் இரத்தம் வேகமாகப் பாய்வதால் தோலுக்கடியில் ஓர் அதிர்வு ஓயாமல் இருக்கும். காதை வைத்தால், பக்கத்துச் சந்தில் மாவு மில் ஓடுவதுபோல இரைச்சல் கேட்கும். அது கேட்கிறவரை பயமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

தாராவியில் எங்களுக்கு ஒரே அறை. செம்பூரில் நான் வேலை பார்க்கும் கூரியர் ஆபீசுக்குக் கிளம்புமுன் தினமும் அவள் கையில் காதை வைப்பேன். கதவு திறந்தே கிடக்கும். போகிற வருகிற பெண்கள் பார்த்துச் சிரிப்பார்கள். "சிரிச்சிட்டுப் போறாளுவ, நீங்க ஒழுங்காக் கேளுங்க" என்பாள் அவள்.

ஒரு காலையில் இரைச்சல் மாறியிருந்தது. மெலிந்து, விசில் மாதிரி. முந்தின நாள் ஊசியை எடுத்த பிறகு இரத்தம் நிற்கவும் வெகுநேரம் பிடித்தது. டயாலிசிஸ் டெக்னீஷியனிடம் போய்ச் சொன்னோம். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே டாப்ளர் ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார்.

மாட்டுங்காவில் ஒரு ஸ்கேன் சென்டர். டாக்டரம்மா மராத்திக்காரர். கையில் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்ததும் திரையில் சிவப்பும் நீலமுமாக இரத்தம் ஓடியது. ஸ்பீக்கரில் அந்த இரைச்சல் அறை முழுக்கக் கேட்டது. தன் முழங்கையில் தானே காதை வைக்க முடியாதே, அவள் அதை முதன்முறையாக அன்றுதான் கேட்டாள்.

"எனக்குள்ள இவ்வளவு சத்தமா?" என்றாள்.

முழங்கைக்குச் சற்று மேலே வந்ததும் கருவி நின்றது. அங்கே நிறங்கள் கலைந்து மின்னின. சத்தம் கீச்சென்று ஏறியது. "தங் ஹோ கயா ஹை," என்றார் டாக்டரம்மா. சிரை குறுகிவிட்டது. இன்னும் அடைக்கவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார். பரீட்சையில் தேறிய பிள்ளைகளைப்போல நாங்கள் வீடு திரும்பினோம்.

சிரைக்குள் பலூனை விட்டு விரித்தார்கள். இரைச்சல் திரும்ப வந்தது. சில மாதங்கள் கழித்து அதே இடம் மறுபடி சுருங்கியது. மறுபடி ஸ்கேன், மறுபடி பலூன். மூன்றாவது முறையும் அதேதான். பலூனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

அதற்குள் அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. டயாலிசிஸ் நடுவே பிரஷர் அதலபாதாளத்துக்கு இறங்கிவிட்டது. எப்படியோ தேற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலை அவள் கையில் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இடத்தை மாற்றி மாற்றி வைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிய?"

"கெளம்புளா," என்றேன்.

அதே அறை, அதே டாக்டரம்மா. அந்தச் சிரையில் நிறமே வரவில்லை. சாம்பலாக ஒன்று உள்ளே அடைத்துக் கிடந்தது. சத்தத்தைக் கூட்டினார். பக்கத்துத் தமனியின் துடிப்பு மட்டும் டக் டக்கென்று கேட்டது. சத்தத்தை அணைக்கப் போனவரிடம், கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அவள் கேட்டாள்: "தோடா ருக்கோ, மேடம்." அவரும் கையை எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் அந்த டக் டக்கைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிரஷர் இறங்கியதில் உறைந்துபோன இரத்தத்தை எடுக்க அன்றே முயன்றார்கள். முடியவில்லை. வலது கையில் புதிதாகச் செய்யலாமா என்று அதையும் ஸ்கேன் செய்தார்கள். சிரைகள் நூல்போல இருக்கின்றன, தாங்காது என்றார் சர்ஜன். டயாலிசிஸுக்காகக் கழுத்தருகே குழாய் போட்டார்கள்.

எங்கே பிசகினோம் என்று நான் யோசித்து யோசித்துப் பார்த்திருக்கிறேன். நாங்கள் எதையும் தள்ளிப் போடவில்லை. போகச் சொன்ன அன்றே போனோம். முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் அந்த மெஷின். முன்கூட்டியே தெரிந்தும்தான் இருந்தது. என்மேல் ஒரு தப்பு இருந்திருந்தால்கூட அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன்.

குழாய் வழியாகக் கிருமி போய் இரண்டு தடவை குளிர்காய்ச்சல் கண்டுவிட்டது. உடம்பு பாதியாகிவிட்டது. குழாய் நனையக்கூடாது என்பதால் தலைக்குத் தண்ணீர் விட முடியவில்லை என்பதுதான் அவளுக்குப் பெரிய குறை.

போன வாரம் டயாலிசிஸ் முடிந்து பஸ்ஸில் வரும்போது கேட்டாள்: "இந்தக் கொழாயும் போச்சுன்னா?"

"பாத்துக்கிடலாம்."

"எதப் பாத்துக்கிடப் போறிய?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எங்கள் ஸ்டாப் வந்தது. யாரும் அவள் கழுத்தில் இடித்துவிடாதபடி முன்னால் கையை நீட்டி மறைத்துக்கொண்டு, கூட்டத்துக்குள் அவளை இறக்கினேன்.