மஞ்சள் தூக்கல்

தள்ளுவண்டியில குமிச்சுக் கிடக்கிற கத்திரிக்காயில ஒண்ணை எடுத்து, வெயிலுக்கு நேரா நீட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமா வளைச்சு, அதுக்குள்ள ஒத்தைக் கண்ணை வச்சுப் பார்க்கிறாரு அப்துல் ஹக்கீம் பாய். "மெஜந்தா சரியா விழலையே. வேற குடுப்பா." வண்டிக்கார கோட்டைச்சாமிக்கு இது பழகிப்போச்சு. "நேத்து மிஷின் மக்கர் பண்ணிருச்சு பாய், இன்னைக்கு இம்புட்டுத்தான் கலர்"னு சொல்லிக்கிட்டே வேற காயைத் தேடுறாரு. பின்னால கூடையோட நிக்கிற எங்களுக்குத்தான் அடுப்புல உலை பொங்கி வழியுது.

சிவகாசியில இந்த மனுசருக்குக் கலர் பாய்னு பேரு. பிரஸ்ல கலர் பார்க்கிறதுதான் வேலை. காலண்டர், டைரி அட்டை, பட்டாசு டப்பாவுல ஒட்டுற லேபிள், எது மிஷின்ல ஓடினாலும் மொத ஷீட்டு இவரு மேசைக்கு வரணும். இவரு பார்த்து ஓரத்துல கையெழுத்துப் போட்டாத்தான் மிச்ச லோடு ஓடும். அவுக கீழ்வீடு, நாங்க மாடி. மொட்டை மாடியும் துணி காயப்போடுற கொடியும் ரெண்டு வீட்டுக்கும் பொது. அதனால அவரு தொழிலைப் பத்தி எனக்கு அரைகுறையாத் தெரியும். அவரு சட்டையைப் பத்தி முழுசாத் தெரியும்.

ஆளு ஒல்லி. நகக்கண்ணுல எப்பவும் மை. சீசன் நேரத்துல சோறு இறங்காது, டீ மட்டும் இறங்கும். அவரு கலர் பார்த்து அனுப்புறதுல முக்காவாசி சாமி படம். "லட்சுமி முகத்துக்கு மஞ்சள் தங்கம் மாதிரி நிக்கணும், மஞ்சக்கிழங்கு மாதிரி நிக்கக் கூடாது. முருகனுக்குச் சிவப்புக் கொஞ்சம் ஏறினாலும் பாதகமில்லை, சின்னப் புள்ளதானே"ம்பாரு. என்னைக் கண்டா ஒரு சிரிப்பு. "தங்கச்சி, உங்க சாமிகளுக்கெல்லாம் பவுடர் பூசி ஊருக்கு அனுப்புறது நான்தான், மறந்துராதீக."

அவருகிட்ட ஒரு தெனாவெட்டு உண்டு. ஆர்டர் குடுத்த கம்பெனிக்காரங்க பார்த்து ஒத்துக்கிட்ட மாதிரிப் படத்துக்குப் புரூஃப்னு பேரு. அதைப் பக்கத்துல விரிச்சு வச்சுக்கிட்டு, மிஷின்ல வர்ற ஷீட்டை அதோட ஒப்பிட்டுப் பார்க்கணும். எல்லாரும் அப்படித்தான் பார்ப்பாங்களாம். இவரு பார்க்க மாட்டாரு. "புரூஃபை மடிச்சு வைலே. ஒரு தரம் பார்த்தாப் போதும், கலர் என் கண்ணுக்குள்ள உக்காந்துரும்." மிஷின்மேன் செல்லச்சாமி எங்க தெருக்காரருதான். பாய் மாதிரியே விரலை வளைச்சு இதைச் சொல்லிக்காட்டி எங்களைச் சிரிக்க வைப்பாரு.

கோளாறு மொதல்ல சமையல்லதான் தெரிஞ்சுது. பாயோட வீட்டம்மா சம்சாத் அக்கா நல்லாப் பாயசம் வைக்கும். ஒரு நாளு அதைக் கையில வச்சுக்கிட்டு, "பால்ல எதுக்குடி மஞ்சத்தூளைப் போட்ட?"ன்னு கேட்டிருக்காரு. அக்கா பாவம், மஞ்சக்காமாலைதான்னு முடிவு பண்ணிக் கீழாநெல்லியை அரைச்சுக் கொண்டாந்து நீட்டுச்சு. அவரு அந்தப் பச்சைச் சாறையும் விரல் வளையத்துக்குள்ள பார்த்துட்டு, "இது என்ன பாசி கலர்"னு திருப்பிக் குடுத்துட்டாரு.

அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமைச் சட்டை. மத்த நாளெல்லாம் மைக்குப் பயந்து கருநீலமும் பழுப்புமாப் போடுற மனுசன், ஜும்மா தொழுகைக்கு மட்டும் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி. "வெளுப்பா இது? சாயம் போட்ட மாதிரி மஞ்சளா இருக்கு"ன்னு சத்தம். அக்கா துவைக்கிறப்ப சொட்டு நீலம் கூட ரெண்டு சொட்டு விடும். "இன்னும் மஞ்சள் இருக்கே." இன்னும் விடும். இப்படியே போயி, ஒரு வியாழக்கிழமை நான் மாடிக்குப் போனா கொடியில ஆகாசக் கலர்ல ஒரு சட்டை ஆடுது. புதுசு போலன்னு நெனைச்சேன். மறுநாள் பள்ளிவாசல் வாசல்ல அவரு சேக்காளி ஒருத்தர், "என்ன மாப்ள, திரும்பவும் பள்ளிக்கூடத்துல சேர்ந்துட்டீகளா? யூனிஃபாரம் எடுப்பா இருக்கு"ன்னாராம். பாய் வீட்டுக்கு வந்து அக்காவைப் பிடிச்சு உலுக்கிட்டாரு. "இன்னும் மஞ்சளா இருக்குன்னு சொன்னேனே, பாரு, ஊரே சிரிக்குது!" சட்டை நீலமா இருக்குன்னு அக்காவுக்குத் தெரியும். கலர் பாய்க்கே கலர் சொல்றதுக்கு அதுக்குத் தெம்பு இல்ல.

அவரு நடையிலயும் வித்தியாசம் தெரிஞ்சுது. ராத்திரி எதிர்ல வர்ற வண்டி வெளிச்சத்துக்கு நின்னுருவாரு. ட்யூப்லைட்டைச் சுத்தி வட்டம் தெரியுதும்பாரு. மீன்ல முள்ளு எடுக்கிறதை அக்காகிட்ட விட்டுட்டாரு. மெடிக்கல் கடையில வாங்கின ஒரு சொட்டு மருந்தைக் கண்ணுல விட்டுக்கிட்டு, "பேப்பர் தூசி, அம்புட்டுத்தான்"னு போயிக்கிட்டே இருந்தாரு.

அந்த வருசம் ஆடி முடிஞ்சு காலண்டர் வேலை மும்முரமா ஓடுறப்ப வெடிச்சுச்சு. ஒரு எண்ணெய்க் கம்பெனிக்கு லட்சுமி காலண்டர். பாய் கையெழுத்துப் போட்டு லோடு விருதுநகருக்குப் போயிருச்சு. போன வேகத்துல திரும்பி வந்துருச்சு. எங்க வீட்டுக்காரர் விருதுநகர்ல மிளகா மண்டியில வேலை. அந்தக் காலண்டர்ல ஒண்ணைக் கொண்டாந்தாரு. நான் விரிச்சுப் பார்த்தேன். முகமெல்லாம் ஊதாப் பூத்து, உதடு கறுத்து, காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்ச மாதிரி உக்காந்திருக்கா மகாலட்சுமி. கையில இருந்து கொட்டுற தங்கக் காசெல்லாம் அலுமினியக் காசு.

பிரஸ் மொதலாளி முத்துக்கிருஷ்ணன் கூப்பிட்டுக் கேட்டிருக்காரு. பாய் வழக்கம்போல நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, "நான் பாஸ் பண்ண ஷீட்டு சரி. பெறகு எவனோ மஞ்சளைக் குறைச்சிருக்கான்"னுட்டாரு. எவனோன்னா யாரு? மிஷின்ல நின்னது செல்லச்சாமி. "மஞ்சள் பத்தலை பாய்னு அன்னைக்கே சொன்னேனே, நீங்கதான் இன்னும் குறைன்னீக"ன்னு செல்லச்சாமி சொன்னது எடுபடலை. முப்பது வருசமா கலர் பார்க்கிறவரு கண்ணை நம்புவாங்களா, மிஷின்மேன் வாயை நம்புவாங்களா? செல்லச்சாமியை மிஷினை விட்டு இறக்கி, பைண்டிங்ல பொம்பளைக கூட காலண்டர் உச்சியில தகரப் பட்டை அடிக்க உக்கார வச்சுட்டாங்க. அவரு பொண்டாட்டி பத்திரகாளி குழாயடியில வச்சு சம்சாத் அக்காவைப் பார்த்து, "ஒங்க வீட்டுக்காரரு கண்ணுக்கு என் புருசன்தான் கெடைச்சானா?"ன்னு கேட்டுட்டுக் குடத்தைத் தூக்கிட்டுப் போயிருச்சு. அக்கா குடத்தை அங்கனயே போட்டுட்டு மேல ஓடியாந்து என் அடுப்படியில உக்காந்து அழுதுச்சு.

எனக்கு அழுகைய வேடிக்கை பார்க்கத் தெரியாது. கொடியில இருந்த அந்த ஆகாசக் கலர் சட்டையையும், எங்க வீட்டுக்காரர் வேட்டியையும் உருவிக்கிட்டுக் கீழ போனேன். மிளகா மண்டிக்குப் போயிட்டு வர்ற வேட்டியை வெள்ளையாக்குறவ நான். என் வெளுப்புல சந்தேகம் கிடையாது. ரெண்டையும் அவரு மூஞ்சிக்கு முன்னால பிடிச்சேன். "பாய், இதுல வெள்ளை எது?"

விரலை வளைச்சுப் பார்த்தாரு. சட்டையைத் தொட்டு, "இது கிட்டத்தட்ட வெள்ளை. அந்த வேட்டி ஒரே மஞ்சள். ஏன் தங்கச்சி, சோப்பு போடுறதில்லையா?"ன்னாரு.

"இந்தச் சட்டை நீலம். தெருவுல போற ஆட்டுக்குட்டியக் கேளுங்க, அதுவும் நீலம்னுதான் சொல்லும். கோளாறு மிஷின்ல இல்ல, உங்க கண்ணுல."

விருட்டுன்னு எந்திரிச்சாரு. கத்துவாருன்னு பார்த்தேன். வாசக்கதவைச் சாத்திட்டு வந்து, சன்னமான குரல்ல, "மெல்லப் பேசுங்க. கலர் பார்க்கிறவனுக்குக் கண்ணு போச்சுன்னு வெளியே தெரிஞ்சா, நாளைக்கு எவன் என் மேசையில ஷீட்டு வைப்பான்?"னாரு. அப்பத்தான் எனக்கு விளங்குச்சு, இவருக்கு உள்ளுக்குள்ள முன்னாடியே தெரியும். கேட்டா, "புரைதான், முத்தினாத்தான் ஆபரேஷன் பண்ணுவாக, அதான் முத்தட்டும்னு இருக்கேன்"ங்கிறாரு. "நல்லா முத்தட்டும். அதுக்குள்ள செல்லச்சாமி தகரம் அடிச்சே கிழவனாயிருவாரு"ன்னுட்டு வந்துட்டேன்.

உள்ளூர்ல காட்டினா ஊருக்குத் தெரியுமாம். அதனால மதுரைக்குப் பஸ் ஏறினோம், அவரு, அக்கா, தொணைக்கு நான். அங்க கண்ணாஸ்பத்திரியில மொதல்ல எழுத்துப் பலகை. பெரிய எழுத்துக்கே தடுமாறினாரு. அப்புறம் தாடையை ஒரு தாங்கியில வச்சு, கண்ணுக்குள்ள ஒத்தைக் கீத்தா வெளிச்சம் அடிச்சுப் பார்த்தாங்க. கண்ணுல பிரஷர் எடுத்தாங்க, ரத்தத்துல சர்க்கரை பார்த்தாங்க. கண்ணுப் பாப்பா விரியறதுக்கு மருந்து விட்டு உக்கார வச்சாங்க. பக்கத்துல காரியாபட்டிக்காரம்மா ஒண்ணு. வலி இல்ல, உறுத்தல் இல்லன்னு சும்மா இருந்திருக்கு. பிரஷர் ஏறி ஓரப் பார்வை முழுக்கப் போயிருச்சு. போனது வராது, இருக்கிறதைத்தான் மருந்து விட்டுக் காப்பாத்தலாம்னு சொல்லிட்டாங்களாம். பாய் அந்தம்மா பக்கமே திரும்பாம உக்காந்திருந்தாரு. அக்கா வாய்க்குள்ள ஓதிக்கிட்டே இருந்துச்சு.

டாக்டரம்மா சின்ன வயசு. "பயப்படாதீங்க, நரம்பு நல்லா இருக்கு, பிரஷரும் இல்ல. புரைதான். கண்ணுக்குள்ள இருக்கிற வில்லை கண்ணாடி மாதிரி இருக்கணும். உங்களுக்கு அது பழுத்து மஞ்சளாயிருச்சு. அது வழியாப் பார்க்கிறதால எல்லாமே மஞ்சளாத் தெரியுது. அதை எடுத்துட்டுப் புது வில்லை வச்சிரலாம். முத்தற வரைக்கும் காத்திருக்கிறதெல்லாம் அந்தக் காலம். ரொம்ப முத்தினா எங்களுக்குத்தான் கஷ்டம்"னாங்க.

இவரு கேட்ட ஒரே கேள்வி: "மஞ்சள் சரியாத் தெரியுமா?"

"ஏன், நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"

பாய் அக்காவைப் பார்த்தாரு. அக்கா என்னைப் பார்த்துச்சு. நான் சும்மா இருப்பேனா? சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கலை, அதுக்கே கும்பிடலாம். "அப்ப இம்புட்டு நாளு எப்படிச் சமாளிச்சீங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க.

வலது கண்ணுல மொதல்ல பண்ணினாங்க. மரத்துப்போக ஊசி போட்டு, பேசிக்கிட்டிருக்கும்போதே முடிச்சுட்டாங்களாம். தொழுகைக்கு முன்னால கை கால் முகம் கழுவி ஒளு செய்யறப்ப கண்ணுல தண்ணி படக்கூடாது, குனிஞ்சு நெத்தியைத் தரையில வைக்கிற சஜ்தா வேண்டாம், கொஞ்ச நாளைக்கு நாற்காலியில உக்காந்து தொழுங்கன்னு சொல்லி அனுப்பினாங்க. மறுநாள் கட்டைப் பிரிச்சதும் அவரு சொன்ன மொத வார்த்தை, "டாக்டர், நீலம் தூக்கலா இருக்கே." அந்தம்மா சிரிச்சுட்டாங்க. "கொஞ்ச நாள்ல பழகிரும். இதுதான் நிசக் கலர்." அப்புறம் அவரு குனிஞ்சு தன் சட்டையைப் பார்த்தாரு. ஆகாசக் கலரு. அக்கா வேணும்னே அதைத்தான் எடுத்து வச்சிருக்கு, நான் கேட்டதுக்கு ஒத்துக்கலை. ஊரு வர்ற வரைக்கும் பஸ்ஸுல அந்தச் சட்டைக் கையைத் தடவிக்கிட்டே வந்தாரு.

மொதலாளிகிட்ட விசயத்தைச் சொல்லி லீவு வாங்கிக்கிட்டு வீட்டுல இருக்கிறப்ப இதை ஒரு வேலையா வச்சுக்கிட்டாரு. இடது கண்ணை மூடி வலதால பாலைப் பார்ப்பாரு, வலதை மூடி இடதால பார்ப்பாரு. ஒண்ணுல பாலு, ஒண்ணுல பாயசம். சுவத்துல அந்த ஊதா லட்சுமியை மாட்டச் சொல்லி அதையும் இப்படி மாத்தி மாத்திப் பார்த்தாரு.

நான் ரசம் கொண்டுபோன ஒரு சாயங்காலம் செல்லச்சாமி வந்தாரு. வீட்டுக்குப் போற வழியில குடுத்துட்டுப் போன்னு மொதலாளி ஒரு ஷீட்டைக் குடுத்து விட்டிருக்காரு. எண்ணெய்க் கம்பெனிக்கு மறுபடியும் அடிக்கிற அதே லட்சுமி. விரல்ல தகரம் கிழிச்ச காயத்துக்குத் துணி சுத்தியிருந்தாரு. வாசல்லயே நின்னாரு.

"உள்ள வாலே."

"இருக்கட்டும் பாய். ஓகே போட்டீகன்னா கொண்டுபோயிக் குடுத்துருவேன்."

"புரூஃபு எங்க?"

"மடிச்சு உள்ள வச்சிருக்கேன். நீங்கதான் விரிக்க விடமாட்டீகளே."

பாய் அதை எடுத்து, தானே பிரிச்சு, மடிப்பை உள்ளங்கையால நீவி விட்டுத் தரையில ஷீட்டுக்குப் பக்கத்துல போட்டாரு. விரலை வளைக்கலை. அதையும் இதையும் ரொம்ப நேரம் பார்த்தாரு. அக்கா குடுத்த டீ செல்லச்சாமி கையில ஆறிப்போச்சு.

"நீ என்னலே சொல்ற?"

"நான் என்னத்த பாய் சொல்ல. மஞ்சள் ஒரு நூலு கூட்டலாம்."

பாய் சட்டைப்பையில இருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழட்டினாரு. கழட்டி, செல்லச்சாமி பக்கமா நீட்டினாரு.

"நான் இப்ப பைண்டிங்ல இருக்கேன் பாய்."

"மிஷின்மேன் கையெழுத்து இல்லாத ஷீட்டுல நான் போடுறதில்லைன்னு மொதலாளிகிட்டச் சொல்லியாச்சு. எழுதிப் போடுலே, மஞ்சள் கூட்டணும்னு."

செல்லச்சாமி டீயைக் கீழ வச்சுட்டுக் குத்த வச்சு உக்காந்து எழுத ஆரம்பிச்சாரு. பாய் இடது உள்ளங்கையால இடது கண்ணைப் பொத்திக்கிட்டு, அவரு போடுற ஒவ்வொரு எழுத்தையும் வலது கண்ணால பார்த்துக்கிட்டு இருந்தாரு.