லென்ஸில் ஒட்டிய தாம்பூலப் பை

எனக்கு அருவருப்பு அதிகம். லோக்கல் ரயிலில் கம்பியைப் பிடித்தால் செம்பூரில் இறங்கியதும் கை கழுவியாக வேண்டும். ஸ்டேஷன் படிக்கட்டு மூலையில் எவனாவது பான் எச்சிலைத் துப்பினால் நின்று சண்டை பிடிப்பேன். "உன் வீட்டு ஹால்ல துப்புவியா?" என்று இந்தியில் கேட்டு ஒருமுறை அடி வாங்கியிருப்பேன், கூட்டம் விலக்கிவிட்டது. தாராவியில் பிறந்து, காலையில் டப்பாவோடு பொதுக் கக்கூஸ் வரிசையில் நின்று வளர்ந்ததால் இப்படி ஆகிவிட்டேன் என்பாள் மனைவி. காரணம் என்ன எழவோ, அடுத்தவன் அழுக்கு எனக்கு ஆகவே ஆகாது.

அப்படிப்பட்டவனைத்தான் மச்சினன் படகுக்குக் கூப்பிட்டான். மனைவியின் தம்பி அவன். வாஷியில் ஏசி ரிப்பேர் பார்க்கிறான். மீன் பிடிப்பதைப் படமெடுத்து யூட்யூபில் போடும் பைத்தியம் பிடித்து ஒரு வருஷம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ட்ராம்பே ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், ஒரு மீனவரின் படகை வாடகைக்கு எடுப்பான். படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே, தூண்டில் நரம்பைப் பின்னால் நீளமாக விட்டு, பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக் மீன் ஒன்றை இழுத்துக்கொண்டு போக வேண்டும். இதற்கு ட்ரோலிங் என்று பெயராம். இப்போது புதிதாகத் தண்ணீருக்குள் போகும் கேமரா ஒன்று வாங்கியிருந்தான். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். பொய்மீனுக்கு ஒரு முழம் முன்னால், பின்பக்கம் பார்த்தபடி நரம்பில் கட்டிவிடுவான்.

"மீனப் புடிக்கிறத எல்லாவனும் காட்டுதான் அத்தான். கடிக்க வர்ற மூஞ்சிய எவன் காட்டுதான்? ஏக்தம் க்ளியரா விழும், பாருங்க!"

அவன் வீடியோவைத் தூத்துக்குடிப் பக்கம் நிறையப் பேர் பார்க்கிறார்களாம். அவன் தமிழில் பாதி இந்தி. தமிழ் எழுத்தோ ஒன்றுகூடத் தெரியாது. பம்பாயில் பிறந்து இங்கிலீஷில் படித்தவன். அதனால் கமெண்ட்ரி பேச நான். "வீட்ல மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கதுக்குப் போயிட்டுத்தான் வாங்களேன்" என்று மனைவியும் தள்ளிவிட்டாள்.

மூஞ்சி அப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. ஒரே மகளுக்கு மாதுங்காவில் மண்டபம் பிடித்துக் கல்யாணம் செய்தோம். தாம்பூலப் பையில் பெண், மாப்பிள்ளை பெயரைத் தமிழில் மட்டும்தான் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். "பாதிப் பேருக்குப் படிக்கவே தெரியாது, இங்கிலீஷ்லயும் போடுங்க" என்றாள் மனைவி. "தெரியாதவன் தேங்காய எடுத்துக்கிட்டுப் போட்டும்" என்றேன். சிவகாசியிலிருந்து மூட்டையாக வந்து இறங்கியது. துணி மாதிரி இருக்கும், துணி இல்லை. மஞ்சள் நிறம், சிவப்பு எழுத்து. பாதிக்கு மேல் மிஞ்சிப்போய்ப் பரணில் ஏற்றினோம்.

கல்யாணமாகி மூன்றாம் மாதம் டோம்பிவிலியில் புகுந்த வீட்டிலிருந்து மகள் போன் செய்தாள். "அடிக்கிறாருப்பா." நான், பெரிய மனுஷன், என்ன சொன்னேன்? "போகப்போகச் சரியாயிரும்மா." அடுத்த மாதமும் போன் செய்தாள், அடுத்த மாதமும் அதையே சொன்னேன். எட்டாம் மாதம் இரண்டு சூட்கேஸோடு வந்து நின்றாள். உதட்டில் தையல் இருந்தது.

வந்தவள் எதையும் கேட்கவில்லை. நகையைக் கேட்கவில்லை, நியாயம் கேட்கவில்லை. ஒருநாள் சூட்கேஸை வைக்கப் பரணில் ஏறியவள் மூட்டையைப் பார்த்துவிட்டாள். இறங்கி வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தப் பேர் ரெண்டையும் சேத்து இனிமே நான் எங்கயும் பாக்கக் கூடாதுப்பா. எல்லாத்தையும் எரிச்சிருங்க."

"எரிச்சிருதேம்மா" என்றேன்.

எங்கே எரிப்பது? மொட்டை மாடியில் எரித்தால் பிளாஸ்டிக் புகைக்குக் குடியிருப்புச் சொசைட்டி செக்ரட்டரி ஆட்டமாய் ஆடுவார். பழைய சாமான்காரரிடம் போட்டால் தாராவிக்குப் போய், எவனோ எடுத்து, எவளோ அதில் தக்காளி வாங்கிக்கொண்டு எங்கள் தெருவிலேயே வருவாள். யோசித்து யோசித்து, மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வாஷி பாலத்துக்குப் போனேன். பூஜைப் பூவை பிளாஸ்டிக் பையில் கட்டிக் கடலில் வீசுகிற இடம் அது. ரயிலில் போகும்போதெல்லாம் அவர்களைப் பார்த்து "தூ, இதுகளெல்லாம் மனுஷ ஜென்மமா" என்று வாய்விட்டுத் திட்டுவேன். அன்றைக்கு அவர்கள் பக்கத்திலேயே நின்று, பாலத்து ஓரத்தில் கட்டியிருந்த கம்பி வலை கிழிந்திருந்த இடத்தில் கையை விட்டு, பிடிப்பிடியாகக் கொட்டினேன். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை.

வீட்டுக்கு வந்து, "எரிச்சாச்சும்மா" என்றேன். வந்த நாளிலிருந்து கொறித்துக்கொண்டிருந்தவள் அன்றைக்கு இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

இது நடந்து ஒரு மாதம் கழித்துத்தான் படகு. ஜெட்டியிலேயே எனக்குக் குமட்டல் ஆரம்பித்துவிட்டது. சேற்றில் செத்த எலி கிடந்தது. தண்ணீர் மேல் டீசல் வண்ணவண்ணமாக மின்னியது. கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். எலிபெண்டா தீவைத் தாண்டியதும் நரம்பை விட்டான். நாற்பது நிமிஷம் இழுத்துவிட்டு, கேமராவை எடுத்துப் போனில் ஓட்டிப் பார்த்தான். ஆறிப்போன டீ மாதிரித் தண்ணீர்தான் தெரிந்தது. அதற்குள் பொய்மீன் மங்கலாக ஆடிக்கொண்டிருந்தது. கேமராவுக்கு ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கிட்டே வந்தவை ஒரு சிப்ஸ் பாக்கெட், ஒரு செருப்பு, குழந்தைக்குக் கட்டுகிற டயப்பர் ஒன்று. டயப்பர் பொய்மீனை உரசிக்கொண்டு போனது. சீ! நாம் தின்கிற மீன் இதற்குள்ளேதான் மூச்சு விடுகிறது.

"ஸப் கச்ரா ஹை, சேட்" என்றார் படகுக்காரர், எல்லாம் குப்பைதான் என்று.

"அத்தான், இதையே பேசுங்க, செமயா இருக்கும்" என்று மச்சினன் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான். எனக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? கர்ச்சீப்பை இறக்கிவிட்டுப் பொரிந்து தள்ளினேன். வெட்கங்கெட்ட ஜனங்கள், வீட்டைப் பெருக்கிக் கடலில் கொட்டுகிறவர்கள், பெற்ற பிள்ளைக்கு விஷத்தை ஊட்டுகிறவர்கள் என்று ஐந்து நிமிஷம் மூச்சு விடாமல் பேசினேன்.

"கமால் அத்தான்!" என்று மெச்சினான்.

திரும்ப நரம்பை விட்டுக் கொஞ்ச நேரத்தில் தூண்டில் வளைந்தது. "சுர்மை! சுர்மை!" என்று, வஞ்சிரமே மாட்டிவிட்ட மாதிரி மச்சினன் குதித்தான். பத்து நிமிஷம் மல்லுக்கட்டிச் சுற்றினான். பாசி பிடித்துக் கறுத்த பை ஒன்று, வயிறு நிறையச் சேற்றோடு வந்தது. கருமம் என்று அதைப் பிய்த்துப் படகுக்குள் எறிந்துவிட்டு, போனில் ஓட்டினான். டீக்குள் ஏதோ நெளிந்து வந்தது. கொக்கியில் மாட்டியது. அப்படியே மேலேறி, லென்ஸில் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. பாசி படாத உள்மடிப்பு விரிந்து திரை முழுக்க மஞ்சள். நடுவில் சிவப்பெழுத்தில் என் மகள் பெயர். அதன் கீழே அவளை அடித்தவன் பெயர்.

"தமிழ்ப் பை அத்தான்! பம்பாய்க் கடல்ல தமிழ்ப் பை! என்ன எழுதிருக்கு, படிங்க."

அந்தக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன் அவன். அந்தப் பையை வாசலில் நின்று நீட்டியவன். ஆனால் எல்லாக் கல்யாணப் பையும் மஞ்சள்தானே, எழுத்தும் தெரியாது.

"ஏதோ ஜவுளிக்கடை" என்றேன்.

"பேரச் சொல்லுங்க, வீடியோல போடுவோம்."

"எழுத்து அழிஞ்சி போச்சி மாப்ள. ஒண்ணும் தெரியல."

"என்ன சொல்லுதீய? இம்புட்டு க்ளியரா இருக்கு. கண்ணாடிய மாத்துங்க அத்தான்."

அவன் கேமராவைத் துடைக்கத் திரும்பியபோது, பையை எடுத்துச் சேற்றோடு என் பேன்ட் பாக்கெட்டில் திணித்தேன். நாற்றம் குடலைப் பிடுங்கியது. குளிர்ந்த சேறு தொடையில் இறங்கி முட்டிவரை வழிந்தது.

ஜெட்டி கண்ணுக்குத் தெரிந்தபோது அவன் போனைத் தட்டிக்கொண்டிருந்தான். "அந்தப் பை படத்த நம்ம ஃபேமிலி குரூப்ல போட்டுட்டேன். யாராச்சும் படிச்சிச் சொல்லுவாங்க."

"எடுலே அத! உடனே எடு!" என்று கத்தினேன்.

"ஏன் அத்தான்?"

நாற்பது பேர் இருக்கிற குரூப். படிக்கத் தெரியாதவர்கள் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டார்கள் என்று அவன் போனில் நீல டிக் காட்டியது, ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு பதில் வந்தது. என் மகள். ஐந்து வயதில் மடியில் உட்கார வைத்து நானே தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள். மாமாவுக்குப் புரிய வேண்டுமென்று தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தாள்.

"என் கல்யாணப் பை, மாமா. எரிச்சாச்சுன்னு அப்பா சொன்னாங்க."

மச்சினன் அதை இரண்டு தடவை படித்தான். என்னைப் பார்த்தான், ஈரமான என் பாக்கெட்டைப் பார்த்தான். குரூப்பிலிருந்து படத்தை அழித்தான். ஜெட்டியில் இறங்கும்போது கை கொடுத்தான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆட்டோக்காரன் மூக்கைச் சுளித்தான். எனக்கும் என்னைச் சகிக்கவில்லை. பெற்ற மகள் கேட்டது ஒரு தீக்குச்சி. அதைக்கூடச் செய்யத் துப்பில்லாமல், கடலில் போட்டுவிட்டுக் கேமரா முன்னால் ஊருக்கு உபதேசம் வேறு. தூ.

கதவைத் திறந்தது மகள்தான். கையை நீட்டினாள். பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அடுக்களைக்குக் கொண்டுபோய், வெங்காயத் தோல் கிடந்த குப்பை டப்பாவில் போட்டு மூடி, சோப்புப் போட்டுக் கை கழுவினாள். காலையில் கச்ராக்காரன் வந்து எடுத்துப் போய்விடுவான். அவ்வளவுதான் வேலை.

கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "எரிச்சாச்சுன்னு சொன்ன மாதிரிதான், அன்னைக்கு போன்ல சரியாயிரும்னு சொன்னீங்களா?"

காலடியில் சேற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"போய்க் குளிங்கப்பா" என்றாள். "நாத்தம் தாங்கல."