விரல் பதியாத மூன்று மாதம்

மூச்சுத் திணறிய நோயாளி ஒருவரைச் செவிலி சல்ஹா குப்புறப் புரட்டிக்கொண்டிருந்தாள். செவிலி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் உதவிக்குப் போன நான் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டேன். தெற்குத் துனீசியாவில் எங்கள் அரசு மருத்துவமனையில், கொரோனா வந்த மூன்று மாதமும் அவள் தினம் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்தாள். அந்தக் கூடுதல் நேரத்துக்கு ஈடாகப் பத்து நாள் விடுப்பு கேட்டாள். அவள் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

எழுத்தர் ஹமாதி கணினித் திரையைக் காட்டினான்.

“நீங்க வந்ததாவே பதிவு இல்லையே, அக்கா.”

“தொற்று ஒட்டும்னு விரல் வைக்கிற மெஷினை மூடி வச்சது யாரு தம்பி? பேயா?”

“அது மேலிடத்து உத்தரவு. தாள்ல எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கணும்.”

“இப்ப சொல்றியே! ஊரே பால்கனியில நின்னு எங்களுக்குக் கைதட்டுச்சே, அந்தக் கைதட்டல்லயா கையெழுத்து வாங்குறது?”

விடுப்பு கிடைக்கவில்லை. அவள் அழுதாள். முகக்கவசம் நனைந்துவிட்டது, மாற்று என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, வந்த நேரத்தைத் தாளில் எழுதிக்கொண்டு அலுவலக வாசலில் நின்றாள். அவள் அங்கே நின்ற நேரமெல்லாம் அவள் போட வேண்டிய ஊசிகளை நான் போட்டேன். எட்டரைக்கு வந்த ஹமாதி, தாளில் ஏழு என்றிருந்ததை அடித்து எட்டரை என்று திருத்தினான். சல்ஹா அதைக் கிழித்துவிட்டு, வேறு தாளில் ஏழு என்றே எழுதி நீட்டினாள். அதில் அவன் முத்திரை குத்தும்வரை நகரவில்லை.