பின்பாரத்துக்கு ஆள் தேடிய கார்

திருமயத்திலிருந்து கறம்பக்குடிக்கு ஒரே பஸ்ஸில் போக முடியாது. புதுக்கோட்டையில் ஒரு முறை மாற வேண்டும், பன்னிரண்டு மைல். ஆலங்குடியில் மறுபடி மாற வேண்டும்; அதுவும் பன்னிரண்டு மைல். அங்கிருந்து கறம்பக்குடி ஏறக்குறைய பதினான்கு மைல். காலையில் பழையது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். நான் போனது ஐப்பசி அடைமழையில். தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடுகிறது என்று சொல்லி எங்கள் பக்கத்து பஸ்களை நிறுத்தியிருந்தார்கள்.

அன்று மாலை நான்கு மணிக்குள் கறம்பக்குடி உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் முன்னால் நான் நிற்க வேண்டும். எனக்கு வந்த வேலை உத்தரவு அது. தவறினால் அடுத்த ஆளுக்கு வேலை போய்விடும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். ஆகவே, போக முடியாது என்ற யோசனை எனக்கு வரவே இல்லை. எப்படிப் போவது என்பதுதான் தெரியவில்லை.

காலை ஒன்பது மணி. திருமயம் கோட்டைக்கு எதிரே நான் நனைந்துகொண்டு நின்றபோது ஒரு நீளமான பச்சைக் கார் எனக்குப் பக்கத்தில் நின்றது. நின்றது என்று சொல்லக் கூடாது. முன்பக்கம் என்னிடம் நின்றது. பின்பக்கம் இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துவிட்டு நின்றது.

"தம்பி, கறம்பக்குடிக்குத்தானே? ஏறுங்க. அங்கிட்டு, வலது பக்கமா வாங்க."

பேசியவர் எங்கள் ஊர்க்காரர் செல்லையா. முன்பு பஸ் ஓட்டியவர். சைகோனில் வியாபாரம் செய்து திரும்பிய ராவுத்தர் ஒருவரிடம் அந்த மாதம்தான் டிரைவராகச் சேர்ந்திருந்தார். கார் அமெரிக்கக் கார். கப்பலில் சைகோனிலிருந்தே வந்தது. ராவுத்தருடைய மகள் கறம்பக்குடியில் இருக்கிறார். அவருக்கு ஒரு தையல் மிஷினைக் கொடுத்துவிட்டு வருவது அன்றைய வேலை.

வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். டிரைவர் உட்காரும் இடம் அது. ஆனால் எனக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லை. செல்லையா அண்ணன் இடது பக்கம் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார்.

"அந்த ஊர்ல ரோட்டுக்கு வலப்பக்கமா ஓட்டுவாங்களாம். அதுக்குத் தோதா செஞ்சது. நம்ம ஊர்ல முன்னாடி மாட்டுவண்டி போச்சுன்னா எதுக்க என்ன வருதுன்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் எட்டிப் பாத்துச் சொல்லணும். கையும் நீங்கதான் காட்டணும்."

"எந்தக் கை?"

"நிக்கணும்னா நிக்கிற கை. திரும்பணும்னா திரும்புற கை. என் கையை வெளிய நீட்டுனா வேலிக்குத்தான் தெரியும்."

இவ்வாறு, வாத்தியார் வேலைக்குப் போன நான், வழியில் ஒரு டிரைவரின் வலக்கண்ணாகவும் வலக்கையாகவும் ஆனேன். முதல் மாட்டுவண்டியிலேயே குழம்பிவிட்டேன். எதிரே ஒன்றும் இல்லை என்று பார்த்து "போலாம்" என்று சொல்வதற்குள் எதிரே ஒரு லாரி வந்துவிட்டது. "இருங்க" என்றேன். அண்ணன் பிரேக்கை மிதித்தார். கார் நின்ற திசை புதுக்கோட்டையும் இல்லை, திருமயமும் இல்லை. ஒரு கொள்ளுக் கொல்லை.

"பாத்தீங்களா? பிரேக் போட்டாலும் பின்பக்கம் ஓடுது, ஆக்ஸிலேட்டரை மிதிச்சாலும் ஓடுது. நூத்தம்பது குதிரைச் சக்தியாம். அத்தனையும் பின் சக்கரத்துலதான் கட்டியிருக்கு."

நூற்றைம்பது குதிரைகளை ஈர மண்ணில் எதற்காகக் கட்ட வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். எங்கள் வீட்டு இரண்டு மாடுகள் இதே சேற்றில் நேராகத்தான் போகும்.

தரைப்பாலத்தில் தண்ணீர் வடியும் வரை காத்திருந்து கடந்தோம். பதினொன்றரை மணிக்குப் புதுக்கோட்டை. தார் ரோட்டில் மழை தேங்கி எண்ணெய் தடவியது போல இருந்தது. ஒரு திருப்பத்தில் நான் கை காட்டினேன். போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி நேரே என் பக்கம் வந்தார்.

"லைசென்ஸ் எடு."

"எனக்கு இல்லீங்க."

"இல்லாமயா ஓட்டுறே?"

"நான் ஓட்டலைங்க."

அவர் குனிந்து என் மடியைப் பார்த்தார். "ஸ்டியரிங் எங்கய்யா?"

"அங்கிட்டு இருக்குங்க."

இடப்பக்கம் செல்லையா அண்ணன் கும்பிட்டார். போலீஸ்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவன் ஓட்டுறான்னா நீ எதுக்குக் கை காட்டுறே?" என்று கேட்டார். நான் விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே சந்தேகம் வந்தது. கடைசியில், "யாராவது ஒருத்தன் ஓட்டுங்கய்யா" என்று சொல்லி விட்டுவிட்டார். பக்கத்துக் கடையில் இரண்டு டீ, இருபது நயா பைசா. குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

ஆலங்குடி ரோட்டில் கார் இன்னும் மோசமாக அலைந்தது. நான் படித்த பௌதிகத்தை நினைத்துப் பார்த்தேன். கனம் அதிகமானால் உராய்வு அதிகமாகும். முன்னால் எஞ்சின் இருக்கிறது. பின்னால் ஒரு தையல் மிஷின் மட்டும் இருக்கிறது.

"அண்ணே, நான் பின்னாடி போயி உக்காரவா?"

"பின்பாரம் இல்லைங்கிறீங்க. மாட்டுவண்டியில மூட்டை ஏத்துறப்ப முன்பாரம், பின்பாரம்னு பாப்பாங்கள்ல, அதான். சரிதான். ஆனா நீங்க பின்னாடி போனா எதுக்க யாரு பாக்குறது?"

முன்னால் இருந்தால் கார் சறுக்கும். பின்னால் போனால் கார் மோதும். இதற்கு என் பௌதிகத்தில் விடை இல்லை.

ஆலங்குடி போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. பஸ் நிற்கும் இடத்தில் மீனாட்சி என்ற ஒரு அம்மாளும், அவருடைய நாத்தனாரும், தம்பியும் இரண்டு கடலை மூட்டைகளோடு நின்றிருந்தார்கள். மழையில் சந்தை கூடவில்லை. மூட்டைகளை ஊருக்கே திருப்பிக் கொண்டுபோக வேண்டும், பஸ்ஸும் இல்லை. அவர்கள் ஊர் கறம்பக்குடி ரோட்டில்தான் இருந்தது.

"ஏறுங்க, காசு வேணாம்" என்றார் அண்ணன்.

மீனாட்சி அம்மாள் காரின் முன்மூக்கிலிருந்து வால் வரை பார்த்தார். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த சமயம். "எந்தச் சின்னம்?" என்று கேட்டார்.

"சின்னமெல்லாம் இல்லைங்க."

"சும்மா ஏத்த மாட்டாகளே. ஓட்டு வேற எடத்துக்குச் சொல்லியாச்சு. பொறவு வந்து சண்டைக்கு நிக்கக் கூடாது."

"ஓட்டே வேணாங்க. பின்பாரத்துக்குத்தான்" என்று நான் உண்மையைச் சொன்னேன்.

"கேட்டியாடி? நம்மள மூட்டைன்னு நெனச்சு ஏத்துறான்" என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டு, முதலில் ஏறியவர் அவர்தான்.

மூன்று பேரும் இரண்டு மூட்டைகளும் பின்னால் ஏறியதும் கார் திருந்திவிட்டது. ரோட்டைப் பிடித்துக்கொண்டு யானை மாதிரி போனது. வளைவில் தம்பிக்காரர் ஒரு பக்கம் சாய்ந்தபோது மட்டும் அண்ணன் கத்தினார். "ஏய், நடுவுல உக்காரு." "நடுவுல எங்கக்கா உக்காந்திருக்கு" என்று பதில் வந்தது. நான் சாலையின் இரு பக்கமும் தலை சாய்ந்து நின்ற நெல்லைப் பார்த்தேன். அன்று நான் எதையாவது நிதானமாகப் பார்த்தது அந்த அரை மணி நேரம்தான். நாலு மணிக்குள் போக வேண்டிய கதையை அவர்களிடம் சொன்னதும் அப்போதுதான்.

ஒரு புளியமரத்தடியில் அவர்கள் மூட்டைகளோடு இறங்கிக்கொண்டார்கள். அங்கிருந்து வயலுக்குள் நடக்க வேண்டும். மழை கொஞ்சம் விடட்டும் என்று மரத்தடியிலேயே நின்றார்கள்.

அடுத்த மைலில் ஒரு கண்மாய்க் கரை வந்தது. ஒரு பக்கம் கண்மாய்த் தண்ணீர், மறுபக்கம் முழுகிய வயல். நடுவில் செம்மண் ரோடு. ஒரு நாய் குறுக்கே வந்தது. நான் "இருங்க" என்றேனா, அண்ணனே பார்த்தாரா என்று இப்போதும் தெரியவில்லை. கார் சுற்றியது. தண்ணீர், ரோடு, தண்ணீர், ரோடு என்று கண்ணாடிக்கு முன்னால் ஓடியது. பிறகு எல்லாம் நின்றது. எஞ்சினும் நின்றுவிட்டது. நாய் போய்விட்டது.

"எத்தனை சுத்து?" என்றார் அண்ணன்.

ஒரு சுற்று என்றால் கார் கறம்பக்குடியைப் பார்த்து நிற்கிறது. ஒன்றரை என்றால் ஆலங்குடியைப் பார்த்து நிற்கிறது. எது கண்மாய், எது வயல் என்று தெரியாதபடி இரு பக்கமும் தண்ணீர், சூரியன் இல்லை, சக்கரத் தடத்தை மழை கழுவிவிட்டது.

"ஒன்றரைன்னு நினைக்கிறேண்ணே."

"எனக்கும் அப்படித்தான் தோணுது."

இரண்டு பேரும் ஒரே மாதிரி நினைத்ததால் சந்தேகம் தீர்ந்தது. நான் சேற்றில் இறங்கித் தள்ள, அவர் முன்னும் பின்னுமாக எடுத்து, முக்கால் மணி நேரம் கஷ்டப்பட்டுக் காரைத் திருப்பினோம். உற்சாகமாகப் புறப்பட்டோம். கொஞ்ச தூரத்தில் ஒரு புளியமரம் வந்தது. அதன் அடியில் மூன்று பேரும் இரண்டு மூட்டைகளும்.

"என்ன தம்பி, எதையும் வச்சுட்டுப் போனீகளா?" என்றார் மீனாட்சி அம்மாள்.

மணி மூன்று இருபது. அண்ணன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "பின்பாரம் இல்லாம அந்தக் கரையில இனி என்னால முடியாது, தம்பி."

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். "நாலு மணிக்குள்ள போகலேன்னா?"

"அடுத்த ஆளுக்குக் கொடுத்துருவாங்க."

தம்பியின் பக்கம் திரும்பினார். "மூட்டையத் தூக்குடா."

"அக்கா, வீடு அந்தா இருக்கு."

"வீடு எங்கயும் ஓடாது. ஏறு."

கறம்பக்குடிப் பள்ளிக்கூடத்தின் முன்னால் கார் நின்றபோது நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. மழையால் பிள்ளைகளை முன்பே அனுப்பிவிட்டார்கள். தலைமை ஆசிரியர் அறையில் அவர் இருந்தார். எதிர் நாற்காலியில் குடையை மடியில் வைத்துக்கொண்டு முப்பது வயதுக்காரர் ஒருவர் இருந்தார். முழங்கால் வரை சேற்றோடு நான் உள்ளே போய் உத்தரவை நீட்டினேன். தலைமை ஆசிரியர் அதைப் படித்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அந்த மனிதரைப் பார்த்தார். அவர் எழுந்து நாற்காலியை எனக்கு விட்டார். அடுத்த ஆள் அவர்தான்.

கையெழுத்துப் போட்டேன். என் பெயரை நான் அவ்வளவு மோசமாக எழுதியதே இல்லை.

வெளியே வந்தபோது அந்தக் குடைக்காரர் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆலங்குடிக்குப் பக்கத்து ஊராம். நேற்றே வந்துவிட்டாராம்.

"பஸ் இல்லைன்னதும் நீங்க வரமாட்டீங்கன்னு நெனச்சுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

"நானும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்" என்றேன். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வழியெல்லாம் அடுத்த ஆள், அடுத்த ஆள் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த ஆளுக்கு ஒரு குடையும், ஆலங்குடிக்குப் பக்கத்தில் ஒரு வீடும் இருக்கும் என்று நினைக்கவில்லை.

அதற்குள் செல்லையா அண்ணன் தையல் மிஷினைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பின்னால் மூன்று பேரும் மூட்டைகளும் அப்படியே இருந்தார்கள். "வாத்தியாரே, நீங்க இங்க தங்கிட்டா எனக்கு எதுக்க யாரு பாக்குறது?" என்றார்.

"இந்த வண்டி ஆலங்குடி போகுமா?" என்று கேட்டார் குடைக்காரர்.

நானே வலப்பக்கக் கதவைத் திறந்துவிட்டேன். ஸ்டியரிங் இல்லாததைக் கண்டு தயங்கினார். எட்டிப் பார்க்க வேண்டியதையும், நிற்கிற கையையும், திரும்புகிற கையையும் சொல்லிக் கொடுத்தேன். நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் முதன்முதலில் நடத்திய பாடம் அதுதான். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

கார் வாசலைத் தாண்டி ரோட்டில் ஏறியது. பின்பக்கம் ஒரு முறை அசைந்து, அடங்கி, நேரானது. வலப்பக்க ஜன்னல் வழியாக ஒரு கை மழையில் நீண்டது. எனக்கு விடை சொன்னாரா, செல்லையா அண்ணனுக்காகக் காட்டினாரா என்று தெரியவில்லை. பதிலுக்கு நானும் கையை உயர்த்தினேன். கார் திருப்பத்தில் மறையும் வரை இறக்கவில்லை.