தண்ணீர் மணி அடித்தவள்

அந்தப் பள்ளிக்கூடத்து நர்ஸைப் பிள்ளைகள் ‘தண்ணி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று வருடங்களுக்கு முன்பு வெயில் இரண்டு மாதம் முந்திக்கொண்டு வந்து, காலை வரிசையில் பிள்ளைகள் சுருண்டு விழுந்தபோது, மல்லுக்கு நின்று தண்ணீர் மணியைக் கொண்டுவந்தவள் அவள். ஒவ்வொரு மணி நேரமும் மணி அடிக்கும். எல்லோரும் குழாயடிக்குப் போய் ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். அவள் பெருமைப்பட்டுக்கொள்ள வாழ்க்கையில் அது ஒன்றுதான் இருந்தது.

ஐந்தாம் வகுப்பை வைத்திருந்த கணக்கு வாத்தியார் மட்டும் மசியவில்லை. “மணிக்கொரு தரம் தண்ணி, மணிக்கொரு தரம் பாத்ரூம். நான் எப்பம்மா பாடம் நடத்துறது? வீட்டு பாட்டில் போதும்” என்று கதவைச் சாத்திக்கொள்வார்.

இந்த வருடம் ஒரு மாதத்து மழை ஒரே பகலில் கொட்டித் தீர்த்தது. அடுத்த வாரம் வாந்தி, வயிற்றுப்போக்கு. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, கண் குழிந்து, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தாள்.

நர்ஸ் தன் நோட்டை எடுத்து வகுப்புவாரியாக எண்ணினாள். மூன்றாம் வகுப்பில் ஏழு பேர். நான்காம் வகுப்பில் ஒன்பது. ஐந்தாம் வகுப்பில் ஒருவர்கூட இல்லை. ஓடிப்போய், குழாய்களுக்குத் தண்ணீர் போகும் தரைத்தொட்டியின் மூடியைத் தூக்கினாள். சுவர் வெடித்து, சாக்கடை உள்ளே கசிந்துகொண்டிருந்தது.

“மேடம், மணிய நிறுத்துங்க. குழாத் தண்ணிதான் நோய். அத குடிக்க வச்சவ நான்.”

தலைமை ஆசிரியை கதவை ஒரு பார்வை பார்த்தார். “வெளிய சொன்னா உன்னத்தானம்மா கிழிப்பாங்க. மழைக் காய்ச்சல்னு எழுதிட்டுப் போ.”

“அப்படி எழுதினா பிள்ளைங்க நாளைக்கும் அதத்தான் குடிக்கும் மேடம்.”

சாயங்காலம் வாசலில் நின்று பெற்றோரிடம் அவளே சொன்னாள். ஆஸ்பத்திரியில் இருந்த சிறுமியின் அம்மா பாய்ந்து வந்தாள்.

“நீதானடி குடி குடின்னு குடிக்க வச்ச!”

“நான்தாம்மா” என்றாள்.

சிறுமி நான்காம் நாள் வீடு திரும்பினாள். தொட்டியை இடித்துக் கட்டி, குளோரின் போட்டு, தண்ணீரைச் சோதித்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அன்று நர்ஸ் மறுபடி மணி அடித்தாள். ஒரு பிள்ளைகூட அசையவில்லை. அவள் தனியாகக் குழாயடிக்குப் போய், எல்லோரும் பார்க்க ஒரு டம்ளர் குடித்தாள்.

ஐந்தாம் வகுப்புக் கதவு திறந்தது. கணக்கு வாத்தியார் டம்ளரோடு வந்தார்.

“தள்ளும்மா. நான் போய்ச் சேர்ந்தா இவனுங்களுக்குச் சந்தோஷம். இருந்தா, இவனுங்களும் குடிக்கட்டும்.”

அவர் பின்னாலேயே சிரித்துக்கொண்டு வரிசை நீண்டது.