முதல் விலைக்கே சரி என்றவர்

தி.நகரில் எங்கள் சந்துக்குள் பகலில் சரக்கு வண்டி நுழையக்கூடாது என்று ஒரு காலையில் போலீஸார் பலகை மாட்டிவிட்டுப் போனார்கள். இரவில்தான் இறக்க வேண்டுமாம். மற்ற கடைக்காரர்கள் ஆள் போட்டுச் சமாளிப்பார்கள். என் பாத்திரக்கடையில் நான் ஒருத்திதான். கடையை அடைத்துவிட்டு மேற்கு மாம்பலம் போய்ச் சமைத்துச் சாப்பிட்டுப் படுப்பவள், தூங்குகிற நேரத்தில் அண்டாவோடு மல்லுக்கட்ட முடியுமா? இது நிலைத்தால் கடையை மூட வேண்டியதுதான் என்று வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் அழாத குறையாகச் சொன்னேன்.

சங்கத் தலைவர் பைக்கடை பாய். ரொம்ப நல்ல மனிதர், கொஞ்சம் பயந்தவர். தேர்தல் வந்தால் கடை கடையாக ஏறி நிதி திரட்டி, இரண்டு கட்சிக்கும் ஒரே கனத்தில் கவர் கொடுத்துவிடுவார். "யார் வந்தாலும் நம்மள உள்ள உக்கார வைப்பாங்கமா" என்பார். ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனவருக்கு அந்த இன்னொரு கவர் தெரிந்திருக்குமோ என்பதுதான் இப்போது அவர் கவலை.

"அத வுடுங்க பாய். பகல்ல வண்டி விட எவ்ளோ நேரம் கேக்கப்போறீங்க?" என்றேன்.

"நாலு மணி நேரம் கேப்போம். அவரு ஒண்ணும்பாரு. இழுத்துப் புடிச்சு ரெண்டுல முடிச்சிடலாம்."

எனக்கும் அது சரியாகவே பட்டது. பொன்னாடையும் மனுவுமாக இரண்டு பேரும் அடையாறில் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனோம்.

அவர் மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ரெண்டு எடத்துலயும் குடுத்தீங்களாமே?" பாய்க்கு முகம் வெளுத்தது. எம்.எல்.ஏ. சிரித்துவிட்டார். "பரவால்ல பாய். நாலு மணி நேரந்தானே? போலீஸ்ல சொல்லிடறேன்."

நான் கும்பிடக் கையைத் தூக்கிவிட்டேன். பாய் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருஷ வியாபாரத்தில், சொன்ன விலைக்கு உடனே சரி என்ற ஆளை அவர் பார்த்ததே இல்லை. மனிதருக்கு வேர்த்துவிட்டது.

"மூணு கூட போதும் சார்."

பேனாவை எடுத்த எம்.எல்.ஏ. அப்படியே பார்த்தார்.

"சரி, உங்களுக்காக ரெண்டரை. இதான் கடைசி."

நான் பாயின் காலை மிதித்தேன். எம்.எல்.ஏ. வயிறு குலுங்கச் சிரித்தார். "இதுக்கு மேல கொறைக்காதீங்க பாய்" என்று இரண்டரை என்றே எழுதிவிட்டார்.

"இன்னா பாய், உள்ள பையா வித்தீங்க?" ஆட்டோவில் தி.நகர் வரும்வரை விடாமல் திட்டினேன்.

பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை வண்டி விட்டார்கள். முதல் நாளே என் வண்டி நெரிசலில் மாட்டி, நேரம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது வந்து நின்றது. எனக்குக் கை கால் ஓடவில்லை. முதலில் ஓடி வந்தவர் பாய்தான். தன் கடையை அப்படியே போட்டுவிட்டு, அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார். அவரைப் பார்த்து அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் வந்துவிட்டார்கள். இரண்டரைக்கு வண்டி காலி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு திட்டியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

அப்புறம் பாய், மகள் கல்யாணத்துக்கு என்று பெரிய அண்டா ஒன்றைத் தட்டிப் பார்த்து விலை கேட்டார். பேரத்துக்கு இருக்கட்டும் என்று, பழக்க தோஷத்தில் ஐந்நூறு கூட்டிச் சொன்னேன்.

"சரிமா, எடுத்து வைங்க" என்றார்.

"உங்களுக்குன்னா முந்நூறு கொறைச்சுக்கலாம் பாய்" என்று வாய் தானாகச் சொன்னது. அவர் பாட்டுக்குப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். "சரி, ஐந்நூறு" என்றேன்.

பாய் அண்டாவைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். "இதுக்கு மேல கொறைக்காதீங்கமா" என்றார்.