சேவல் வாலின் நீலம்

மாலை ஆறு மணி ஐம்பது. வில்லியனூர் கொம்யூன் அலுவலகத்தின் முன்னால் முதலில் தெரிந்தது ஒரு சேவலின் கொண்டை; பிறகு வால். மூங்கில் சிம்பால் கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே மண்ணெண்ணெய் விளக்குகள் வைத்த ஆளுயரச் சேவல். சேவல் பிரெஞ்சுக்காரர்களின் சின்னம்; அவர்களின் ஜூலை பதினான்கு விழாவுக்காக அதைச் செய்தவர் என் அண்ணன். வால் இறகுகள் அவர்கள் கொடியின்படி நீலம், வெள்ளை, சிவப்பு. விளக்குகள் நின்று எரியத் தொடங்கியதும் நீலம் பச்சையாயிற்று, சிவப்பு காவியாயிற்று.

எல்லைக்கு அப்பால், பிரிட்டிஷ் ஊர்களில் பறந்த காங்கிரஸ் கொடியின் நிறங்கள் அவை.

"டேய், சேவலு காங்கிரசுல சேந்துடுச்சுடா!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார். சிரிப்பு அடங்குவதற்குள் போலீஸ்காரர் வந்துவிட்டார்.

அண்ணன் பாகூரில் பிறந்தவர். அப்பா இறந்த வருடம் அவருக்கு வயது பதினாறு. கரும்பு வெட்டப் போய் என்னைப் படிக்க வைத்தார். விழா நாட்களில் கோயிலுக்கு மயில், வீடுகளுக்கு நட்சத்திரம், யானை என்று விளக்கு உருவங்கள் செய்வார். உள்ளே விளக்கை வைத்துப் பார்க்காமல் எதையும் வெளியே அனுப்ப மாட்டார். அந்தச் சேவலை மட்டும் பகலிலேயே அனுப்பிவிட்டார். பசை காயவில்லை என்று காரணம் சொன்னார்.

"இன்னாய்யா இது? பச்சையா கீதே?" என்றார் போலீஸ்காரர்.

"பகல்ல நீலமாத்தாங்க இருந்துச்சு. வெளக்கு மஞ்சளு. நான் இன்னா பண்ணுவேன்?"

"அத தாணாவுல வந்து சொல்லு."

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் உள்ளே போனால் எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. நான் அப்போது புதுச்சேரியில் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்தேன். விழாச் செய்திக்காக வந்திருந்தேன். அலுவலக வாசலைப் பார்த்தேன். அலுவலகத்தாரே கட்டியிருந்த நீலக் காகித விளக்குக் கூடுகள் பன்னிரண்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. அதைப் போலீஸ்காரருக்குக் காட்டினேன். அவர் கூடுகளைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"அணைச்சிட்டு வூட்டுக்குப் போய்யா" என்றார்.

வழியில் கேட்டேன்: "ண்ணா, தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"கேக்குறது பத்திரிகைக்காரனா, தம்பியா?"

"தம்பிதான்."

"தம்பின்னா கேக்க மாட்டான்டா."

அடுத்த ஆண்டிலிருந்து அந்த விழாவுக்கு அவரைக் கூப்பிடவில்லை. அவரும் கேட்கவில்லை. யாரிடமும் குரல் உயர்த்தாதவர். எந்தக் கட்சியிலும் சேர்ந்ததில்லை, எனக்குத் தெரிந்தவரை.

அண்ணன் இறந்து இன்றோடு ஓராண்டு. கடைசி மூன்று மாதம் இருமலில் படுத்திருந்தார். செல்லிப்பட்டிலிருந்து வந்து உடனிருந்த அண்ணியின் தம்பிக்கும், அழைக்கும் முன்பே வந்து நின்ற வைத்தியருக்கும், இந்த ஓராண்டும் எங்களை விசாரித்தபடி இருந்த உறவினர்களுக்கும் எங்கள் வணக்கம். தினமும் கஞ்சி காய்ச்சி அனுப்பிய எதிர்வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்தாருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். சேவலுக்கு முந்திய டிசம்பரில் அவர்கள் வீட்டுக்கு அண்ணன் ஒரு மாதா விளக்கு உருவம் செய்து கொடுத்திருந்தார். உள்ளே அதே மண்ணெண்ணெய் விளக்கு வைத்த பிறகு நான் அதைப் பார்த்தேன். முக்காடு நீலமாகவே இருந்தது.